சோதனைக்கு ஒரு எண்

அந்த அலுவலகத்தில் யாரும் எதையும் முதலிலிருந்து எழுதுவதில்லை. எழுதினால் அதை வெட்டி வேலை என்பார்கள். மருத்துவமனைகளுக்குப் புரோகிராம் செய்து கொடுக்கும் இடம். செய்ததையே எத்தனை தடவை செய்வது? அதற்காக எல்லாருக்கும் பொதுவாக ஒரு குறிப்புப் பக்கம் வைத்திருந்தார்கள். ஒருவன் முட்டி மோதிக் கண்டுபிடித்த நாலு புரோகிராம் வரிகளை, அவர்கள் பாஷையில் ‘கோட்’, அதில் போட்டு, இப்படிச் செய்தால் இது நடக்கும் என்று கீழே எழுதிவைப்பான். மற்றவர்கள் எடுத்து ஒட்டிக்கொள்வார்கள். ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று அள்ளுவதில் அங்கே யாருக்கும் கூச்சம் கிடையாது.

பக்கத்தில் பாதிக்கு மேல் அண்ணன் எழுதியது. ஆபீஸ் முழுக்க அவரை அண்ணன் என்றுதான் கூப்பிட்டது. அதனால் மேல்மாடியில் வேலை பார்த்த அவர் மனைவி, தன்னைவிட மூத்தவர்களுக்கும் அண்ணி ஆகிப்போனாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை நெஞ்சை அடைக்கிறது என்று எழுந்து உட்கார்ந்த மனிதர் திங்கட்கிழமை இல்லை. அதன் பிறகு அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு அண்ணியிடம் வந்தது. பழசைத் திருத்துவது, தப்பைத் துடைப்பது எல்லாம் அவள்தான். ஒரே ஒரு குறிப்பை மட்டும் அவள் தொடவில்லை.

குறுஞ்செய்தி அனுப்புவது எப்படி என்ற குறிப்பு அது. யாருக்கு என்று எண் கொடுக்காவிட்டால், சோதனைக்காக வைத்திருக்கும் ஓர் எண்ணுக்குச் செய்தி போய்விடும்படி அண்ணன் எழுதியிருந்தார். அந்த எண் அண்ணியுடையது. என்ன செய்தி என்று கொடுக்காவிட்டால் அதற்கும் ஒன்று வைத்திருந்தார்: ‘சோதனை. சாப்பிட்டியா?’ போய்ச் சேர்ந்ததா என்று சொல்ல ஓர் ஆள் வேண்டாமா என்பது அவர் நியாயம். “நீ பதில் போடலைன்னா, கோட்ல தப்பா, உனக்குக் கோபமான்னு எனக்குத் தெரியாமப் போயிடும்டி” என்று சிரிப்பார்.

அவர் போய் ஒன்றரை வருஷமாகியும் அந்தக் கேள்வி வந்துகொண்டிருந்தது. யாராவது ஈயடிச்சான் காப்பி அடித்து, எண்ணை மாற்றாமல் ஓட்டிப் பார்ப்பார்கள். அண்ணியின் போன் துடிக்கும். அவள் உடனே திறக்க மாட்டாள். திறக்காமல் படிக்க முடியாதபடிதான் போனை அமைத்திருந்தாள். மதியம் டப்பாவைத் திறக்கும்போது அதையும் திறந்து, படித்துக்கொண்டே சாப்பிடுவாள். இது பைத்தியக்காரத்தனம் என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. ஆனாலும் அந்தக் கேள்வி வந்த நாட்களில்தான் சாப்பாடு தொண்டையில் இறங்கியது.

அங்கே ஒருவர், புரோகிராம்களைச் சோதித்துக் குறை கண்டுபிடிப்பவர். நொட்டை சொல்வதே பிழைப்பு என்பதால் பெயரே நொட்டை என்றாகிவிட்டது. அவர் இந்த விஷயத்தையும் விடவில்லை.

“அண்ணி, மாதிரிக் கோட்ல நிஜ நம்பர் இருக்கக் கூடாது. என்னைக்காவது வினையா முடியும்.”

“மாத்திடறேங்க” என்பாள். மாற்ற மாட்டாள் என்று அவருக்கும் தெரியும். அண்ணனோடு தினமும் டீ குடித்த மனுஷர். அதற்கு மேல் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

அன்று காலை மீட்டிங்கில் போன் துடித்தது. அலுவலகத்துச் சோதனைச் செய்திதான் என்று அண்ணி பார்த்தாள், தனக்குள் சிரித்துக்கொண்டாள், மேசைமேல் கவிழ்த்து வைத்தாள்.

மதியம் டப்பாவின் மூடியைத் தளர்த்தியபடி செய்தியைத் திறந்தாள். ‘உங்கள் ரத்தத்தில் பொட்டாசியம் அபாய அளவில் உள்ளது. உடனே மருத்துவமனைக்கு வரவும்.’ கீழே ஒரு நோயாளி எண்.

முதலில் ஒன்றும் ஓடவில்லை. பிறகுதான் புரிந்தது. போன வாரம்தான் ஒரு மருத்துவமனைக்கு, பரிசோதனை முடிவை நோயாளிக்கு அனுப்பும் வேலையைப் புதுமாப்பிள்ளை முடித்துக் கொடுத்திருந்தான். கல்யாணமாகி மாதம் திரும்பாததால் அவனுக்கு அந்தப் பெயர். வீட்டுக்குப் போகிற அவசரத்தில் அண்ணன் குறிப்பை அப்படியே ஒட்டியிருக்கிறான். யாரோ ஒரு நோயாளிக்குப் போன் எண் எழுதாமல் விட்டிருக்கிறார்கள். எண் இல்லையென்றால் அண்ணிக்கு. கோட் சொன்னதைத்தான் செய்திருக்கிறது.

அண்ணி அந்த மருத்துவமனைக்குப் போன் போட்டாள். வரவேற்பு மேசையில் இருந்த பெண் நோயாளி எண்ணைத் தேடினாள். “கொத்தனாருங்க. போன் நம்பர் கட்டம் காலியா இருக்கு. இருங்க, கூட வந்தவங்க நம்பர் பேப்பர்ல இருக்கு. இதே லைன்ல சேர்க்கறேன்.”

மறுமுனையில் ஒரு பெண்குரல் எடுத்தது. வரவேற்புப் பெண் விஷயத்தைச் சொன்னாள்.

“ஐயோ, காலையிலேர்ந்தே கைகாலெல்லாம் மரத்துப்போச்சுங்கிறாரே. தூங்கினா சரியாகும்னு படுக்க வச்சிருக்கேன்.”

அண்ணியால் பொறுக்க முடியவில்லை. “எழுப்புங்கம்மா. இப்பவே வண்டி பிடிங்க. ஒரு நிமிஷம்கூட நிக்காதீங்க.”

“நீங்க யாரும்மா?”

“முதல்ல அவரை எழுப்புங்க” என்றாள் அண்ணி. மறுமுனையில் போன் வைக்கப்பட்டுவிட்டது.

புதுமாப்பிள்ளை ஓடிவந்து புரோகிராமைச் சரிசெய்தான். எண் இல்லாத நோயாளிகள் வேறு யாருமில்லை என்று நொட்டை இரண்டு தடவை பார்த்துச் சொன்னார். “எண் காலியா இருந்தா என்னாகும்னு நான் சோதிக்கவே இல்ல. நானும் கோட்டை விட்டுட்டேன்.”

“என்னாலதான் அண்ணி” என்றான் புதுமாப்பிள்ளை. கண் கலங்கியிருந்தது.

“உன்னால பாதிதான்டா. காலையில வந்ததை மதியம் வரைக்கும் வச்சிருந்தவ நான்.”

அதைச் சொன்னபோதுதான் அதன் முழுப் பாரமும் அவள்மேல் இறங்கியது. செத்துப்போன தன் புருஷன் கேட்டதாக நினைத்துக்கொள்வதற்காக, உயிரோடிருக்கும் இன்னொருத்தியின் புருஷனை அவள் காக்க வைத்திருக்கிறாள். அவர் இருந்திருந்தால் முதல் ஆளாகத் திட்டியிருப்பார். மேசையில் தலை சாய்த்து, யார் பார்த்தாலும் பார்க்கட்டும் என்று அழுதாள்.

சாயங்காலம் நாலு மணி வாக்கில் வரவேற்புப் பெண் கூப்பிட்டாள். “வந்து சேர்ந்துட்டாங்க. சிகிச்சை நடக்குது. பொழைச்சுக்குவார்னு டாக்டர் சொல்றார்.”

“நம்பரை நான் எடுத்துடட்டுமா அண்ணி?” என்று நொட்டை மெதுவாகக் கேட்டார்.

“வேண்டாங்க. நானே பண்றேன்.”

குறிப்பைத் திறந்தாள். தன் எண்ணின்மேல் விரல் கொஞ்ச நேரம் நின்றது. அழித்தாள். எண் இல்லாவிட்டால் யாருக்கும் போகாமல் நின்றுவிடும்படி மாற்றினாள். ‘சோதித்துப் பார்க்கிறவர் தன் எண்ணைப் போட்டுக்கொள்ளவும்’ என்று கீழே எழுதினாள். அண்ணன் வைத்திருந்த கேள்வியைத் தொடவில்லை, அதனால் யாருக்கும் கெடுதல் இல்லை.

“ஓட்டிப் பாருடா.”

புதுமாப்பிள்ளை தன் எண்ணைப் போட்டு ஓட்டினான். அவன் சட்டைப்பையில் போன் துடித்தது. எடுத்துப் படித்தான்: ‘சோதனை. சாப்பிட்டியா?’

“இன்னும் இல்ல அண்ணி” என்றான்.

“போ. போய்ச் சாப்பிடு.”

அவன் போனான். நொட்டையும் தன் இடத்துக்குப் போனார். அண்ணியின் போன் மேசையில் சும்மா கிடந்தது. மதியம் மூடி தளர்த்தி வைத்த டப்பா அப்படியே இருந்தது. யாரும் கேட்காமலே அதை இழுத்துவைத்துச் சாப்பிட ஆரம்பித்தாள்.