முதுகு காட்டி ஒரு டேக்

1

இந்தக் கதை எனக்கு ஒரு பல் மருத்துவரின் காத்திருப்பு அறையில் கிடைத்தது. எதிர் நாற்காலியில் ஒரு பெண்மணி. ஒரு பக்கக் கன்னம் வீங்கியிருந்தது. வரவேற்பு மேசையைப் பார்த்து, "இன்னும் எத்தனை பேரும்மா எனக்கு முன்னாடி?" என்று அவர் கேட்டதும், அறையில் இருந்த அத்தனை பேரும் தலை நிமிர்ந்தார்கள். அந்த முகம் யாருக்கும் தெரியாது. குரல் எல்லோருக்கும் தெரியும். மூன்று படங்களாக வெள்ளத்திடமிருந்து ஒரு நகரத்தைக் காப்பாற்றி வரும் மதகுக்காரியின் குரல். திரையில் வரும் நடிகைக்கு அமைந்த முகம் அப்படி, அமைந்த குரல் வேறு மாதிரி. அதனால் மூன்று படங்களிலும் பேசியது இவர்தான்.

"என்ன சார் பாக்குறீங்க? மதகுக்காரிக்கும் சொத்தைப் பல்லு வரும்," என்றார் என்னிடம்.

நான் பத்திரிகைகளில் எழுதுகிறவன் என்று சொல்லிக்கொண்டேன்.

"அப்போ உங்ககிட்ட ஒண்ணும் சொல்லக் கூடாது," என்றவர், எல்லாவற்றையும் சொன்னார். பல் பிடுங்கும் முன் பாதி. பிடுங்கிய பின் வாயில் பஞ்சோடு மீதி. (பஞ்சோடு சொன்ன பகுதியில் சில சொற்களை நானே இட்டு நிரப்பியிருக்கிறேன். எவை என்று கேட்காதீர்கள்.)

அவரைக் குரல்காரம்மா என்று வைத்துக்கொள்வோம்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

"அந்த அறைக்கு ஜன்னல் இல்லை. வெளிச்சத்தை விற்கிற தொழிலின் முக்கியமான முடிவுகள் எல்லாம் இருட்டறைகளில்தான்—"

விட்டுவிட்டேன். இப்படித் தொடங்கும் கதைகளை நானே முதல் பக்கத்தில் மூடி வைத்திருக்கிறேன்.

இரண்டாவது தொடக்கம்: "ஓர் அக்காவும் தம்பியும் இருந்தார்கள். அக்கா படம் எடுப்பாள், தம்பி வெட்டி ஒட்டுவான்." இது பரவாயில்லை. இதிலேயே போகலாம். (நேரில் பார்த்தால் இருவரையும் 'வாங்க, போங்க' என்றுதான் பேசுவேன். கதைக்குள் வந்துவிட்டால் எல்லோரும் அவன், அவள்தான்.)

முதல் படத்தை அவர்கள் ஒரு பழைய கிடங்கில் எடுத்தார்கள். திரைக்கதை முடியாமலே படப்பிடிப்பு தொடங்கிவிட்டது. அதற்காக அக்கா ஒரு வழி கண்டுபிடித்தாள். ஒவ்வொரு காட்சியும் சரியாக வந்த பிறகு, "முதுகு காட்டி ஒண்ணு," என்பாள். நடிகர்கள் கேமராவுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று அதே காட்சியை மறுபடி நடிக்க வேண்டும். உதடு தெரியாது. என்ன பேசினார்கள் என்பதைப் பிறகு முடிவு செய்துகொள்ளலாம். கதையில் ஓட்டை விழுந்த இடங்களில் எல்லாம் தம்பி ஒரு முதுகை வைத்து, அதன்மேல் ஒரு வரியைப் பேச வைத்து அடைத்தான். முதல் படத்தில் மக்கள் கைதட்டிய வசனங்களில் பாதி அப்படி எடிட்டிங் மேசையில் பிறந்தவை. எழுதியவன் தம்பி. டைட்டிலில் 'வசனம்' என்று அவன் பெயர் வரவில்லை. அதை அவன் கேட்கவும் இல்லை.

"குடும்பத்தோட போட்டோ எடுத்தாக்கூட கடைசியில எல்லாரையும் திரும்பி நிக்கச் சொல்லுவாங்க இந்தம்மா," என்று லைட்காரர்கள் கிண்டல் செய்வார்களாம்.

மூன்றாவது படம் வந்தபோது திரைக்கதை முழுதாக இருந்தது, பணம் கொட்டிக் கிடந்தது, முதுகுக்குத் தேவையே இல்லை. ஆனால் பழக்கம். கடைசிக் காட்சியில் மதகுக்காரி வெளியே நின்றுகொண்டு கதவை இறக்குகிறாள். நகரம் உள்ளே, அவள் வெள்ளத்தில். ஒரு வார்த்தை பேசாமல் சாகிறாள். வசனமே இல்லாத காட்சி. அதை எடுத்து முடித்ததும் எல்லோரும் அழுதுகொண்டிருக்க, அக்கா மூக்கைத் துடைத்தபடி சொன்னாள்:

"முதுகு காட்டி ஒண்ணு."

3

வில்லன் வேண்டும். தயாரிப்பு நிறுவனத்தின் ஆளைக் கொண்டுவந்தேன். படப்பிடிப்பில் அவருக்கு 'ஆனா' என்று பட்டப்பெயர். எந்தப் பேச்சையும் பாராட்டில் தொடங்கி அந்தச் சொல்லில்தான் கொண்டுபோய் முடிப்பார்.

"மேடம், பிரமாதம். என் பொண்டாட்டி தேம்பித் தேம்பி அழுதா. ஆனா..."

"சொல்லுங்க."

"செத்துட்டாங்கன்னு இவ்வளவு அடிச்சுச் சொல்லணுமா?"

"தண்ணி தலைக்கு மேல போயிடுச்சு சார். இனிமே சாண் என்ன, முழம் என்ன?"

"நாலாம் பாகத்துக்குத் தேதி சொல்லியாச்சு. பொம்மை அச்சுக்குப் போயாச்சு. செத்தவங்க பொம்மையை எந்தக் குழந்தை மேடம் கட்டிப் பிடிச்சுத் தூங்கும்?"

"அப்போ பொம்மையையும் தண்ணியில போடுங்க."

"ஒரே ஒரு வரி மேடம். திரும்பி வருவேன்ங்கிற மாதிரி. லேசா."

"முடியாது."

தம்பி இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்ததாகக் குரல்காரம்மா சொன்னார். அவர் அந்த அறையில் இல்லை. நானும் இல்லை. ஆகவே மேலே உள்ளதில் சில வரிகள் முதுகுக்கு வைத்த வரிகள்.

ஆனா சாரை முழு வில்லனாக்கப் பார்த்தேன், பிடி கொடுக்க மாட்டேன் என்கிறார். வயிற்றுப்புண்ணுக்கு மாத்திரை போட்டுக்கொண்டு, தனக்கு மேலே இருக்கும் நான்கைந்து 'ஆனா'க்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கும் மனிதர். தவிர, இந்தக் கதையின் முதல் வரைவைப் படித்த என் பத்திரிகை ஆசிரியர் தொலைபேசியில் சொன்னது: "நல்லா வந்திருக்கு, ஆனா முடிவுல கொஞ்சம் வெளிச்சம் வேணும்." என் ஊரில் இருப்பவரை விட்டுவிட்டு வெளியூர் வில்லனை நான் எப்படித் திட்டுவது?

4

மதகுக்காரியின் அந்த மௌனத்தில் அக்கா ஏன் அப்படிப் பிடிவாதமாக நின்றாள்? இதை எழுத எனக்குத் தயக்கம். எழுதாவிட்டால் கதை நிற்காது.

இரண்டாவது படத்தின் படப்பிடிப்பில் அவள் இருந்தபோது, அவர்களுடைய அம்மா மருத்துவமனையில் இருந்தார். பக்கத்தில் தம்பி. கிளம்பி வரவா என்று அக்கா கேட்டுக்கொண்டே இருந்தாள். ஒரு காலையில் தம்பி தொலைபேசியில் சொன்னான்: "அம்மா போயிட்டாங்கக்கா. உன்னைத்தான் சொன்னாங்க. 'வேலைய முடிச்சிட்டு வரட்டும், நான் எங்க போயிடப் போறேன்'னாங்க. அதான் கடைசி."

அக்கா அந்த வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் வீடு வந்து சேர்ந்தாள். அதைப் பிடித்துக்கொண்டுதான் திரும்பவும் வேலைக்குப் போனாள். வரவில்லையே என்ற குற்றவுணர்வு எழும்போதெல்லாம் அம்மாவின் அனுமதி கையில் இருந்தது. ஒருமுறை ஒப்பனை அறையில் குரல்காரம்மாவிடம் சொல்லியிருக்கிறாள்: "சாகுறவங்க யாரும் வசனம் பேச மாட்டாங்க. எனக்கு ஒரு வரி கிடைச்சது, அது என் அதிர்ஷ்டம். அந்த மாதிரி ஒண்ண நானா உக்காந்து எழுதினா, எங்கம்மாவுக்குத் துரோகம்."

5

இனி வருவதைக் குரல்காரம்மா கண்ணால் பார்த்தார். பாதியைக் காதாலும் கேட்டார்.

டப்பிங் கூடம். நடுவில் தடித்த கண்ணாடி. இந்தப் பக்கம் சின்ன அறையில் மைக்கும், ஹெட்ஃபோன் மாட்டிய குரல்காரம்மாவும். அந்தப் பக்கம் ஒலிப்பதிவு மேசையில் தம்பி மட்டும். மேசையில் ஒரு பொத்தான். அதை அழுத்தினால்தான் அங்கே பேசுவது இங்கே கேட்கும். விரலை எடுத்தால் மீன்தொட்டிதான். வாய் அசையும், சத்தம் வராது.

திரையில் மதகுக்காரியின் முதுகு. முதுகில் மழை.

"ஒரே ஒரு வரிதான்," என்றான் தம்பி. "'வேலைய முடிச்சிட்டு வாங்க. நான் எங்க போயிடப் போறேன்.'"

"அக்காவுக்குத் தெரியுமா தம்பி?"

"நாலாம் பாகம் நான்தான் எடுக்கப் போறேன்."

கேட்டதற்கு இது பதில் இல்லை, ஆனாலும் பதில்தான் என்று குரல்காரம்மாவுக்குப் புரிந்தது. அவர் பேசினார். தம்பிக்குத் திருப்தி இல்லை.

"சாகப் போறவங்க மாதிரி வேண்டாம் மேடம். சாதாரணமா. அடுப்படியிலிருந்து சொல்ற மாதிரி."

மறுபடி பேசினார். சரியாக வந்தது. "எனக்கே சிலிர்த்துடுச்சு சார். தப்பான வேலையை நல்லா செஞ்சா அப்படித்தான் இருக்கும்போல," என்றார் என்னிடம்.

தம்பி அதை ஓடவிட்டுக் கேட்டுக்கொண்டிருக்கும்போது கதவு திறந்தது. அக்கா. வேறு எதற்கோ வந்திருக்கிறாள். திரையில் தன் முதுகு டேக், அதன் மேல் அந்த வாக்கியம். நின்றுவிட்டாள். தம்பி எழுந்து அவள் பக்கம் திரும்பினான். இப்போது கண்ணாடிக்கு அவன் முதுகு. அக்கா தள்ளாடி வந்து மேசையில் கையை ஊன்றினாள். ஊன்றிய இடம் பொத்தான்.

ஹெட்ஃபோனில் அவள் குரல், காதுக்குள்ளேயே:

"இதைப் போயாடா வித்தே?"

மூச்சு மட்டும். பிறகு, இன்னும் மெதுவாக:

"இல்ல... இதையும் நீதான் எழுதினியா? அன்னைக்கு ஃபோன்ல சொன்னியே. அம்மா நிஜமாவே அப்படிச் சொன்னாங்களாடா?"

கையை எடுத்துவிட்டாள். சத்தம் நின்றது.

தம்பி ஏதோ சொன்னான். தோள் ஒருமுறை ஏறி இறங்கியது. அவ்வளவுதான் தெரிந்தது.

"அக்கா முகம் எப்படி இருந்தது?" என்று கேட்டேன்.

பஞ்சை நாக்கால் ஒதுக்கிக்கொண்டு யோசித்தார் குரல்காரம்மா. "எந்த வசனத்தைப் போட்டாலும் ஒட்டிக்கிற முகம் சார்."

6

முடிவுகள் சிலவற்றை எழுதிப் பார்த்தேன்.

(அ) "அம்மா சொன்னதுதான்கா," என்கிறான். அப்படியென்றால் அம்மாவின் கடைசி வாக்கியத்தைப் பொம்மைக்காக விற்றவன் அவன். அக்காவிடம் அம்மா மிஞ்சுகிறாள், தம்பி மிஞ்சவில்லை.

(ஆ) "அம்மா எதுவுமே சொல்லலக்கா. நீ தாங்க மாட்டேன்னு நான்தான்—" அப்படியென்றால் அவன் விற்றது தன் சொந்தச் சரக்கை, அவள்மேல் வைத்த அன்பில் எழுதிய வரியை. தம்பி மிஞ்சுகிறான். அம்மா ஒரு முதுகாகிவிடுகிறாள்.

(இ) இருவரும் கட்டிக்கொண்டு அழுகிறார்கள், வசனம் நீக்கப்படுகிறது, ஆனா சார் கூட—

என் ஆசிரியர் கேட்ட வெளிச்சம் இது. இதை எழுதும்போது பேனாவுக்கு அல்ல, எனக்கே கூசியது.

நடந்தது இவ்வளவு: படம் அந்த வரியோடு வந்தது. இயக்கம் என்று அக்காவின் பெயர் பெரிதாக ஓடியது. கதவு இறங்க, மதகுக்காரியின் முதுகு அந்த வாக்கியத்தைச் சொல்ல, அரங்குகளில் விசில் பறந்தது. இப்போது அது பனியன்களில் இருக்கிறது, தண்ணீர்ப் புட்டிகளில் இருக்கிறது. நான்காம் பாகத்தைத் தம்பி எடுத்துக்கொண்டிருக்கிறான். "அதுக்கும் நான்தான் சார் குரல். பல்லு ஆறினதும் போகணும்," என்றார் குரல்காரம்மா.

தம்பிக்கு இருமுறை தொலைபேசி செய்தேன். எடுக்கவில்லை. அக்கா எடுத்தாள். நான் என்ன எழுதப் போகிறேன் என்பதை முழுவதும் கேட்டுக்கொண்டாள். பிறகு சொன்னாள்:

"எழுதிக்கோங்க. எனக்கு மட்டும் வசனம் வைக்காதீங்க."

அவளுக்கு எத்தனை வசனம் வைத்திருக்கிறேன் என்று மேலே போய்ப் பாருங்கள்.

7

தம்பிக்கும் ஒன்று வைத்துவிட்டால் கதை முடிந்துவிடும். (அ) அழகாகப் பொருந்துகிறது. (ஆ) அதைவிட அழகாக. அதனால்தான் இரண்டையும் வைக்காமல் விடுகிறேன்.

ஆகவே நீங்கள் வாருங்கள். ஹெட்ஃபோனை மாட்டிக்கொள்ளுங்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவன் நிற்கிறான். நமக்கு அவன் முதுகு. அவனைத் தாண்டி அக்காவின் முகம், காத்துக்கொண்டிருக்கிறது. தோள் ஏறுகிறது. உதடு தெரியவில்லை.

"..................................."

பேசுங்கள். சாதாரணமாக. அடுப்படியிலிருந்து சொல்கிற மாதிரி.