மாந்தோப்புக் காவல்

பட்டாளத்தில் பதினெட்டு வருடம் காவல் காத்தேன். பென்ஷனோடு ஊருக்கு வந்து பேரூராட்சி கவுன்சிலரானால், இங்கேயும் காவல் வேலைதான். என் தலையெழுத்து!

கட்சி ஒன்று, கோஷ்டி இரண்டு. தலைவர் கோவிந்தப்பனைக் கவிழ்க்கத் துணைத்தலைவர் ஆனந்தராஜ் நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவந்திருந்தார். எங்கள் பக்கம் ஒருவர் விலைபோனாலும் பதவி காலி.

"மிலிட்டரி, ஓட்டெடுப்பு வரைக்கும் நம்ம கவுன்சிலருங்க ஆறு பேரும் உன் பொறுப்பு" என்றார் கோவிந்தப்பன்.

வேப்பனப்பள்ளி தாண்டி, கர்நாடக எல்லைக்குள் ஒரு மாந்தோப்பு வீட்டுக்குக் கூட்டிப்போனேன். இடத்தைத் தலைவரிடமே சொல்லவில்லை. எல்லோருடைய போனையும் வாங்கி அணைத்துப் பெட்டியில் பூட்டினேன். மற்றவர்களுக்கு ஒரு சட்டம், எனக்கு ஒன்றா? என் போனையும் அணைத்து அதிலேயே போட்டேன். பெரிய நியாயவான்!

இரண்டாம் நாள் மத்தியானம் ஆறாவது வார்டு சரோஜம்மாள் வந்து நின்றாள். ஆஸ்பத்திரியில் மகளுக்குத் தலைப்பிரசவம். மாப்பிள்ளை வீட்டில் பெரியவர்கள் யாரும் இல்லை.

"அண்ணா, நிர்மலாவுக்கு இன்னைக்குத் தேதி குடுத்திருக்காங்க. என்னை உட்டுடு. நாளன்னைக்கு ஓட்டுக்கு நேரா வந்துர்றேன்."

"முடியாதும்மா."

"ஒரே ஒரு போனாச்சும் பண்ணிக்கிறேன்."

"உனக்குக் குடுத்தா எல்லாருக்கும் குடுக்கணும். போய்ச் சாப்பிடு."

அவள் சாப்பிடவில்லை. கேட்டருகே ஒரு கல்லில் போய் உட்கார்ந்தாள். எனக்கு எரிச்சலாகவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது. இந்த வயதில் எதற்கு இந்தப் பாழாய்ப்போன அரசியல் என்று அலுத்துக்கொண்டேனே தவிர, கேட்டைத் திறக்கவில்லை.

மறுநாள் காலை, தலைவரின் டிரைவர் திம்மப்பன் காரில் வந்து இறங்கினான். சட்டையெல்லாம் புழுதி.

"எங்க சார் போயிட்டீங்க? நேத்துல இருந்து தோப்பு தோப்பா தேடறேன். ரெண்டு பேரும் ராஜியாயிட்டாங்க. தீர்மானம் வாபஸ். எல்லாரும் வீட்டுக்குப் போலாம்."

"எப்படா ஆச்சு?"

"நேத்துக் காலையில சார். ஒரு போன்கூட போவலையே!"

பெட்டியைத் திறந்தேன். உள்ளேயிருந்து ஓடிவந்த சரோஜம்மாள் தன் போனை எடுத்து மாப்பிள்ளையைக் கூப்பிட்டாள். கேட்கக் கேட்க அவள் முகம் கோணியது. நேற்று சாயங்காலம் ஆபரேஷன் செய்து பெண் குழந்தை. உள்ளே கொண்டுபோகிற வரைக்கும், "எங்கம்மா வந்துட்டாங்களா?" என்று நிர்மலா கேட்டுக்கொண்டே இருந்தாளாம்.

முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துவிட்டு என்னிடம் வந்தாள்.

"எப்பண்ணா ராஜியானாங்களாம்?"

திம்மப்பன் வாயைத் திறந்தான். நான் முறைத்த முறைப்பில் மூடிக்கொண்டான்.

"இப்பதாம்மா. இன்னைக்குக் காலையில."

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீ என்னண்ணா பண்ணுவ, உனக்கும் தெரியாதே" என்று சொல்லிவிட்டுப் போய்க் காரில் ஏறினாள்.