கீழேயே விட்டுவிடுங்கள்

என்னைத் தூக்கிக்கொண்டு போகிறவர்கள் எல்லாரும் நல்லவர்கள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் முடிப்பதற்குள் நீங்களும் என்னைத் திமிர் பிடித்தவள் என்பீர்கள். ஆபீசில் பாதிப் பேர் ஏற்கெனவே அப்படித்தான் சொல்கிறார்கள்.

என் பெயர் முனீஸ்வரி. வீடு ராஜபாளையம். வேலை ஸ்ரீவில்லிபுத்தூரில், ஓர் அரசு அலுவலகத்தில் ஜூனியர் அசிஸ்டெண்ட். பரீட்சை எழுதி வாங்கிய வேலை, யாரும் பாவம் பார்த்துக் கொடுத்ததில்லை. கால் இரண்டும் எனக்கு வராது. எப்படி ஆச்சு என்று கேட்கிறவர்களுக்கு நான் பதில் சொல்வதில்லை. கேட்டுவிட்டு ஒரு பெருமூச்சு விடுவார்கள். அதை வாங்கி வைக்க என் வீட்டில் இடமில்லை.

பின்னால் இரண்டு பக்கமும் சக்கரம் வைத்த ஸ்கூட்டரை நானே ஓட்டிக்கொண்டு வருவேன். லாரிக்காரன் எவ்வளவு ஹாரன் அடித்தாலும் என் பாதையை விட்டு ஒதுங்க மாட்டேன். ஆபீஸ் வாசலில் ஸ்கூட்டரிலிருந்து சக்கர நாற்காலிக்கும் நானே மாறிக்கொள்வேன். அதுவரைக்கும் நான் ராணி. அதற்கப்புறம் மாடிப்படி.

கட்டடம் வாடகைக் கட்டடம். கீழே பால்கோவா கடை, மேலே நாங்கள். படி ஒடுக்கமாக ஏறி, பாதியில் திரும்பும். நாற்காலியோடு தூக்கினால் திருப்பத்தில் மாட்டிக்கொள்ளும். அதனால் ஆளை மட்டும்தான் தூக்குவார்கள். வாட்ச்மேன் வேல்பாண்டி அண்ணன் என் கையிடுக்கில் கை கொடுப்பார், ஆபீஸ் உதவியாளர் பாரூக் முழங்காலைப் பிடிப்பான். மேலே இன்னொரு நாற்காலி கிடக்கும், அதில் வைப்பார்கள். சேலை கட்டுவதையே இதற்காக விட்டுவிட்டேன். தூக்கும்போது எது விலகும், யார் கண் எங்கே போகும் என்று பார்த்துக்கொண்டா ஒருத்தி வேலைக்கு வருவாள்?

வேல்பாண்டி அண்ணனுக்கு மம்சாபுரம். பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்தவர். அவர் லீவு போட்டால் எனக்கும் லீவு. அவர் வீட்டில் காது குத்து என்றால் என் கணக்கிலும் ஒரு நாள் போகும். மேலே போய்விட்டால் சாயங்காலம்வரை கீழே வர முடியாது. அங்கே இருக்கிற கக்கூஸுக்கு ஒரு படி, ஒன்றரை அடிக் கதவு. அதனால் காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் வருவேன். போன வருஷம் குளிர்காய்ச்சல் வந்து படுத்தபோது ராஜபாளையத்து டாக்டர் ஸ்கேனைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "கிட்னி வரைக்கும் போயிருச்சும்மா. இன்னொரு தடவ இப்படி வந்தா என்கிட்ட வராத, நேரா மதுரைக்குப் போயிரு" என்றார்.

மாற்றல் கேள் என்றார்கள். எந்த ஊருக்கு? அங்கேயும் மாடிதான்.

கட்டட உரிமையாளர் சிவனாண்டியிடம் லிப்டுக்காக எத்தனை தடவை கேட்டிருப்பேன். மனுஷர் கோபமே படமாட்டார். "சட்டம் சொல்லட்டும் தாயி, மறுநாளே போட்டுருதேன். சொல்லாம நான் எதுக்குச் சுவரை இடிக்கணும்?" என்பார். அதில் தப்பும் சொல்ல முடியவில்லை.

அந்தச் சட்டம் வரப்போகிறது என்று பாரூக்தான் முதலில் சொன்னான். மாற்றுத்திறனாளிகளுக்காக நாடு முழுவதற்கும் ஒரே விதி எழுதுகிறார்களாம். வரைவை வெளியிட்டுக் கருத்துக் கேட்டிருக்கிறார்கள். போனில் அதை எனக்குப் படித்துக் காட்டினான். சரிவுப்பாதை, லிப்ட், கக்கூஸ் எல்லாம் கட்டாயம், வாடகைக் கட்டடமானாலும் கட்டாயம் என்று இருந்தது. எனக்கு மயிர் சிலிர்த்துவிட்டது. அடுத்த வரியைப் படிக்கும்போது அவன் குரல் இறங்கியது. பழைய கட்டடங்களில் இவற்றைச் செய்ய முடியாத இடத்தில், பணியாளர்கள் உதவி செய்தால் அதுவே போதுமானதாகக் கொள்ளப்படும்.

"இது இருந்தா ஒருத்தனும் லிப்டு போட மாட்டான்க்கா" என்றான் பாரூக்.

அந்த ஒரு வரி போக வேண்டும். போனால் எனக்கு லிப்ட். இருந்தால் ஆயுசுக்கும் அடுத்தவன் கை. அதுவும் வேல்பாண்டி அண்ணன் ரிட்டையர் ஆகப் போகிற வருஷம் அது.

வரைவு எழுதுகிற குழு சின்ன ஊர்களையும் நேரில் பார்க்கிறது, எங்கள் ஆபீசுக்கும் வருகிறது என்று தகவல் வந்தபோது, சாமியே இறங்கி வருவது போல இருந்தது. சக்கர நாற்காலியில் ஒருத்தி வேலை பார்க்கிறாள் என்பதற்காகவே வருகிறார்கள். சூப்பிரண்டு ராஜரத்தினம் சார் ஆபீசுக்கு வெள்ளையடித்தார். நான் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன்.

"அன்னைக்கு என்னைய யாரும் தூக்க வேண்டாம் சார். நான் கீழயே இருக்கேன். ஏன் கீழ இருக்கேன்னு அவிய கேக்கட்டும். கண்ணால பாக்கட்டும்."

"ஆபீஸ் மானம் போயிரும்மா" என்றார். பிறகு, "என்னமோ செய்யி" என்று பேனாவை மூடினார்.

வேல்பாண்டி அண்ணனிடம் தனியாகச் சொன்னேன். அவர் மீசையைத் தடவிக்கொண்டு முழுதும் கேட்டார். "புரியுது தங்கச்சி. நான் கை வைக்கல" என்றார். அவர் சொன்னால் சொன்னதுதான், அந்த நம்பிக்கையில் வீட்டுக்குப் போனேன்.

குழு வந்தபோது உச்சிவெயில். நான் படிக்கு முன்னால், வாசல் வெயிலில், கடையின் பால் கேன்களுக்குப் பக்கத்தில் இருந்தேன். சொல்ல வேண்டியதை மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். காரிலிருந்து ஓர் அம்மா இறங்கினார். டெல்லியில் பெரிய பதவி, ஆனால் சென்னைக்காரர். நல்ல தமிழ். பின்னாலேயே கேமராக்காரன். அந்த அம்மா என்னைப் பார்த்தார். பார்த்துவிட்டு என்னிடம் கேட்கவில்லை. சுற்றி நின்ற ஆண்களைப் பார்த்துக் கேட்டார்.

"என்னங்க இது, இந்தப் பொண்ணு வெயில்ல உக்காந்திருக்கு. இத்தனை பேர் நிக்கிறீங்க. ஒருத்தருக்குக்கூட உதவணும்னு தோணலையா?"

நான் வாயைத் திறப்பதற்குள் வேல்பாண்டி அண்ணன் முகத்தைப் பார்த்துவிட்டேன். கன்னத்தில் அடி வாங்கியவர் முகம். மம்சாபுரத்துக்காரரை என்ன வேண்டுமானாலும் சொல்லலாம், இரக்கமில்லாதவன் என்று மட்டும் சொல்லிவிட முடியாது. அதுவும் வெளியூர்ப் பொம்பளை, நாலு பேர் முன்னால்.

"யாரைப் பாத்து அப்படிக் கேக்கிய?" என்றபடி வந்தார். பாரூக்குக்காகக்கூடக் காத்திருக்கவில்லை. பட்டாளத்தில் அடிபட்டவனைத் தூக்குகிற மாதிரி என்னை ஒற்றை ஆளாக முதுகில் போட்டுக்கொண்டார்.

"அண்ணே, வேண்டாம். கீழ விடுங்க. சொன்னேன்லா."

"சும்மா இரு தங்கச்சி. மானம் போகுது."

அவர் முதுகில் குத்தினேன். அவருக்கு உறைக்கவில்லை. கேமராக்காரன் எங்களுக்கு முன்னால் பின்பக்கமாகவே படியேறிக்கொண்டு எடுத்தான். நான் அழுதுகொண்டிருந்தேன். மேலே கொண்டுபோய் வைத்ததும் எல்லாரும் கை தட்டினார்கள். அந்த அம்மாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இருந்தாலும் நான் பேசினேன். விட்டுவிடவில்லை. "மேடம், எனக்கு வேண்டியது லிப்டு. ஆள் இல்ல. அந்த ஒரு வரிய எடுத்துருங்க" என்றேன். தண்ணீர் குடிக்காமல் வருவதைச் சொன்னேன். கிட்னியைச் சொன்னேன். இத்தனை ஆண்களுக்கு முன்னால் கக்கூஸைப் பற்றிச் சொன்னேன்.

"இவங்க உன்னை எப்படி நடத்துறாங்க?" என்று கேட்டார்.

வேல்பாண்டி அண்ணன் மூச்சு வாங்கியபடி சுவரில் சாய்ந்து நின்றார். சட்டையெல்லாம் வேர்வை.

"தங்கமா நடத்துதாவ. அதான் மேடம் பயமா இருக்கு. நாளைக்கு இவிய இருக்க மாட்டாவ."

அந்த அம்மா என் தோளைத் தட்டிக் கொடுத்தார். அவர் காதில் தங்கம் என்ற வார்த்தை மட்டும்தான் விழுந்திருக்கிறது.

அவர்கள் போனபிறகு வேல்பாண்டி அண்ணன் என் மேஜைப் பக்கம் வந்தார். "நான் வேணும்னு செய்யல. எங்களுக்கு ஈவு இரக்கம் இல்லன்னுட்டுதே அந்தம்மா" என்றார். நான் பைலைப் புரட்டிக்கொண்டிருந்தேன். சாயங்காலம் அவர்தான் என்னைக் கீழே இறக்க வேண்டும். கோபம் வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிற வசதிகூட எனக்குக் கிடையாது.

விதிகள் வெளிவந்தன. அந்த வரி அப்படியே இருந்தது. கூடவே படம் போட்ட விளக்கப் புத்தகம் ஒன்றும் வந்தது. அந்த வரிக்கு நேராக வேல்பாண்டி அண்ணன் முதுகில் நான். கண்ணீர் தெளிவாகத் தெரிகிறது. சிறு நகரங்களில் சக ஊழியர்களின் அன்பே சரிவுப்பாதையாகிறது என்று கீழே எழுதியிருந்தார்கள். என் கண்ணீரை அவர்கள் நன்றி என்று எடுத்துக்கொண்டார்கள்.

ஆபீசே கொண்டாடியது. சிவனாண்டி ஒரு கிலோ பால்கோவாவோடு மேலே ஏறி வந்தார். "பாத்தியா தாயி, சட்டமே சொல்லிருச்சு" என்று எனக்குத்தான் முதலில் நீட்டினார். வாங்கி வாயில் போட்டுக்கொண்டேன். இறங்கவே இல்லை.

இந்த நாட்டில் எத்தனை மாடி ஆபீஸ் இருக்கும், எத்தனை முனீஸ்வரிகள் இருப்பார்கள் என்று அன்றைக்கு உட்கார்ந்து யோசித்தேன். அத்தனை பேருக்கும் லிப்ட் கேட்கப் போனவள் நான். அத்தனை பேருக்கும் இனி என் படத்தைக் காட்டுவார்கள்.

வேல்பாண்டி அண்ணன் ரிட்டையர் ஆன நாளில் மாலை போட்டார்கள், சால்வை போட்டார்கள், அந்தப் படத்தைப் பெரிதாக்கிக் கண்ணாடி போட்டுக் கொடுத்தார்கள். சாயங்காலம் என்னைக் கடைசித் தடவையாக இறக்கி நாற்காலியில் வைத்துவிட்டு, "வாரேன் தங்கச்சி" என்றார்.

"நாளைக்கு யாருண்ணே தூக்குவா?"

அவர் படியை ஏறிட்டுப் பார்த்தார். கையில் அந்தப் படம் இருந்தது. அதை உள்பக்கமாகத் திருப்பி அக்குளில் இடுக்கிக்கொண்டு நடந்தார்.

மறுநாள் காலையில் பாரூக் மட்டும்தான் இருந்தான். புது வாட்ச்மேன் இன்னும் போடவில்லை. மற்றவர்களில் ஒருவருக்கு முதுகுவலி, ஒருவருக்குக் குடலிறக்கம். பொம்பளைப் பிள்ளையைத் தொட்டுத் தூக்கக் கூச்சம் என்று ஒருவர் உண்மையைச் சொல்லிவிட்டார். "செத்த நேரம் இரும்மா, ஆள் பாக்கோம்" என்று மேலே திருப்பத்தில் நின்று சொன்னார் ராஜரத்தினம் சார். ஆபீசுக்கு வந்தவர்கள் எல்லாம் என்னை விட்டு ஒதுங்கிக்கொண்டு ஏறினார்கள்.

கடைசியில் தெருவில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்த ஒருவரைக் கூட்டி வந்தார்கள். நல்ல மனுஷர்தான். கையைக் கைலியில் துடைத்துக்கொண்டு என் முன்னால் குனிந்தார். என்னைப் பார்க்காமல் பாரூக்கைப் பார்த்துக் கேட்டார்.

"எங்க புடிக்கணும்?"

நான் சக்கரத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். "தொடாதீங்க" என்றேன்.

ராஜரத்தினம் சார் இரண்டு படி இறங்கி வந்தார். அவர் கெட்டவர் இல்லை. நிஜமாகவே வருத்தப்பட்டுத்தான் சொன்னார். "உதவி குடுக்க ஆபீஸ் தயாரா இருந்தது, ஊழியர் மறுத்துட்டாங்கன்னு எழுத வேண்டியிருக்கும்மா. விதி அப்படித்தான் இருக்கு. யோசிச்சுக்கோ."

இன்றைக்கு மறுத்தால் நாளைக்கும் மறுக்க வேண்டும். எத்தனை நாளைக்கு? லீவு தீரும், அப்புறம் மெமோ வரும், அப்புறம் வேலை போகும். வேலை போனால் ராஜபாளையத்தில் ஒரு வீட்டுக்குள், ஜன்னலுக்குப் பக்கத்தில் நான்.

அப்போது வேல்பாண்டி அண்ணனின் டிவிஎஸ் சத்தம் கேட்டது. யாரோ போன் பண்ணியிருக்கிறார்கள். எல்லார் முகத்திலும் உயிர் வந்தது. மூட்டைக்காரர் தப்பித்தோம் என்று விலகினார். "வந்துட்டாருய்யா" என்று மேலிருந்து சார் சொன்னார்.

அவர் நேராக வந்து என் முன்னால் குனிந்தார். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், என் இரண்டு கைகளும் அவர் கழுத்துக்காகத் தாமாகவே உயர்ந்துவிட்டன. லிப்டும் வேண்டாம், சட்டமும் வேண்டாம், இன்றைக்கு மேலே போனால் போதும் என்று இருந்தது.

குனிந்தவர் அப்படியே நின்றார். நான் நீட்டிய கைகளைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, முதல் படியில் உட்கார்ந்து, தன் கைகளை முழங்கால்மேல் வைத்துக்கொண்டார்.

"வேல்பாண்டி, என்னய்யா உக்காந்துட்ட? தூக்கு" என்றார் சார்.

"மாட்டேன் சார்."

"விளையாடாதய்யா. அந்தப் பிள்ளைக்கு ஆப்சென்ட் விழும்."

"விழட்டும் சார். அன்னைக்கே நான் கீழ விட்டுருக்கணும்."

அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்கு அவரைக் கும்பிட வேண்டும் போலவும் இருந்தது, சட்டையைப் பிடித்து இழுத்து, தூக்குய்யா என்று கத்த வேண்டும் போலவும் இருந்தது. உயர்த்திய கைகளை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.