ஏழு மணி வேன்

ஈரத்துணியால் கணவனின் நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தவளுக்குச் சட்டென்று பிள்ளைகள் நினைவு வந்தது. தெருமுனைகளில் புத்தகப் பையோடு அவளுடைய வேனுக்காக நிற்கும் பள்ளிக்கூடப் பிள்ளைகள். விடிவதற்குச் சற்று முன்புதான் அவன் மூச்சு அடங்கியிருந்தது. பள்ளிக்கு யாரும் சொல்லவில்லை.

வாசலுக்கு ஓடினாள். வேன் இல்லை.

"நெட்டையன் வந்து சாவி கேட்டாரு அண்ணி. குடுத்துட்டேன்," என்றாள் நாத்தனார்.

வேன் ஸ்டாண்டில் கணவனோடு வண்டி நிறுத்துகிறவன் நெட்டையன். இந்த வேனை இரண்டு முறை விலைக்குக் கேட்டான். அதில் வந்த சண்டையில் இருவருக்கும் பேச்சே நின்றுபோனது. புற்றுநோய் கணவனைப் படுக்கையில் தள்ளிய பிறகு, தையல் வேலையை விட்டுவிட்டு அவளே வேனை ஓட்டினாள். இரண்டு பெண்களை வைத்துக்கொண்டு இனி அவளுக்கு இருப்பது அது ஒன்றுதான். பள்ளிக்கூடம் இனி நெட்டையனையே வேலைக்கு வைத்துக்கொண்டால்?

வெயில் ஏறிய பிறகு வேன் வந்தது. நெட்டையன் உடம்பை மடக்கி இறங்கி, காலைத் தாங்கித் தாங்கி நடந்து வந்தான்.

"புள்ளைங்க எல்லாத்தையும் கொண்டுபோய் விட்டாச்சும்மா. அக்கா மாதிரி ஓட்டத் தெரியல, ஆமைன்னு சொல்லிடுச்சுங்க."

"பள்ளிக்கூடத்துல என்ன கேட்டாங்கண்ணே?"

"இனிமே நீங்கதானான்னு மேடம் கேட்டாங்க. வண்டிக்காரம்மா வந்துடுவாங்க, அதுவரைக்கும் நான்னு சொன்னேன்."

அவள் நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தாள்.

"இந்த வண்டி மேல எனக்கு ஆசை இல்லாம இல்ல. ஆனா நம்ம ஸ்டாண்டுல இதே நோவுல இவனோட மூணு பேரு போயாச்சு. ஒருத்தனுக்கும் அம்பது ஆகல. ரெண்டு வண்டி ஓட்ட ஆளில்லாம நிக்குது. அதுல போன புள்ளைங்க பாதி இப்போ பள்ளிக்கூடமே போகல. இதுவும் நின்னா எப்படி?"

"தண்ணி குடிங்கண்ணே" என்று சொம்பை நீட்டினாள்.

அவன் உள்ளே போய்க் கணவனின் கால்மாட்டில் நின்றான். "எங்கூடப் பேசமாட்டேன்னான். சொன்ன மாதிரியே போயிட்டான்," என்றான் மெதுவாக.

திறந்து கிடந்த வேன் கதவைச் சாத்தப் போனாள் அவள். ஓட்டுகிற இருக்கை, அவளுடைய குட்டைக் கால்களுக்காக அவள் முன்னே இழுத்து வைத்திருந்தபடியே, ஸ்டியரிங்கை ஒட்டி இருந்தது.

உள்ளே நெட்டையன் சுவரோரம் உட்கார்ந்து முழங்கால்களைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.