நீட்டிய கை

சும்மா உதவிக்கு வந்தேன் என்றுதான் கஜதீபன் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தான். பச்சைப் பொய். கோப்பன்ஹேகனில் டெனிஷ் தொலைக்காட்சிக்குப் பேஸ்போல் வர்ணனை செய்கிறவனை, ஹோர்சன்ஸ் தமிழ்ப் பெடியளின் கிரிக்கெட் இறுதியாட்டத்துக்குத் தமிழில் கதைக்கக் கூப்பிட்டிருந்தார்கள். நடுவர் சபாரத்தினம் என்று கேட்டதும் மறுபேச்சில்லாமல் ரயிலேறிவிட்டான்.

பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் இதே மைதானத்தில் அவனை முடித்துவைத்தது அந்த மனுசன்தான். ஒரே ஓவரில் நாலு நோ போல். "தம்பி, நீ பந்து போடேல்லை, எறியிறாய். முழங்கை மடியுது" என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். சனம் கொல்லென்று சிரித்தது. எதிரணியில் அவருடைய தமையன் மகன் ஆடினான். அதற்காக வேண்டுமென்றே செய்தார் என்பது கஜதீபனின் முடிவு. எறிகிறவன் எறிகிற இடத்துக்கே போகிறேன் என்று பேஸ்போலுக்குப் போனான். ஜெர்மனியில் ஆறு வருஷம் சம்பளத்துக்கு எறிந்தான். தோள் கழன்றது, ஒலிவாங்கியைப் பிடித்தான். நன்றாகத்தான் இருந்தான். அந்தச் சிரிப்பு மட்டும் காதைவிட்டுப் போகவில்லை.

இன்றைக்குக் கடைசி ஓவருக்கு வந்தவன் சபாரத்தினத்தின் மகன் நிதுஷன், இந்த வருஷம்தான் பந்துவீசத் தொடங்கியவன். முதல் பந்தை எதிரணிக்காரன் தொடவே முடியவில்லை. கஜதீபன் முன்னாலிருந்த திரையில் அதை மெதுவாக ஓட்டிப் பார்த்தான். முழங்கை மடிந்து, நிமிர்ந்தது. சபாரத்தினம் நோ போல் சொல்லவில்லை.

"என்ன அண்ணை, ஒண்டும் கதைக்கிறியள் இல்லை?" என்றாள் கமரா பார்த்த யூலியானா.

"பொறு பிள்ளை."

இன்னும் ஒரு பந்து. அப்போதும் தகப்பன் கண்ணை மூடிக்கொண்டால், இந்தப் படத்தை ரொறன்ரோவிலிருந்து யாழ்ப்பாணம் வரை இணையத்தில் பார்க்கிற அத்தனை பேருக்கும் போட்டுக் காட்டலாம். பார்த்தீர்களா, இவர்தான் நீதிமான்! கஜதீபன் அந்தப் படத்தை ஒளிபரப்பும் பொத்தானைத் தேடிவைத்துக்கொண்டான். வெட்கக்கேடுதான், ஆனால் அது சந்தோஷம்.

இரண்டாவது பந்தில் ஸ்டம்ப் பறந்தது. நிதுஷன் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு ஓடினான். சனம் கத்தியது. கஜதீபனின் விரல் பொத்தானுக்குப் போனது.

பக்கவாட்டில் நின்ற சபாரத்தினத்தின் வலக்கை நேராக நீண்டிருந்தது. நோ போல்.

"அப்பா!" என்று கத்திய நிதுஷன் டெனிஷில் ஏதோ வெடித்தான். கை இறங்கவில்லை.

"நீ பந்து போடேல்லை, தம்பி. எறியிறாய். முதல் பந்திலை ஐமிச்சமாய் இருந்தது. இப்ப வடிவாப் பாத்தனான், முழங்கை மடியுது." அதே வார்த்தைகள். மைதானத்து ஒலிவாங்கி அதை அப்படியே கொண்டுவந்தது. இந்த முறை ஒருவரும் சிரிக்கவில்லை.

பொத்தானிலிருந்து விரலை எடுத்தான் கஜதீபன். பதினெட்டு வருஷக் கோபத்தைக் கொண்டுபோய் இனி எங்கே வைப்பது? மனுசன் அன்றைக்கும் கண்டதைத்தான் சொல்லியிருக்கிறார். யூலியானா அவன் முழங்கையைத் தட்டினாள்.

"நோ போல்" என்றான் ஒலிவாங்கியில். "நடுவர் சொன்னது சரி." கொஞ்சம் நிறுத்தினான். "அண்டைக்குச் சொன்னதும் சரிதான்."

ரொறன்ரோவில் ஒருவருக்கும் விளங்கியிராது. மைதானத்து ஒலிபெருக்கியில் அதைக் கேட்ட சபாரத்தினம் மட்டும் திரும்பி மேலே வர்ணனை அறையைப் பார்த்தார். பிறகு கையை இறக்கிவிட்டு, அடுத்த பந்துக்குத் தன் இடத்தில் போய் நின்றார்.