முன்ஸ்தோத்திரம்

பாஞ்சாலி வாயில் பொய் தங்காது என்று கோலியனூரில் எல்லோருக்கும் தெரியும். பள்ளிக்கூடத்துச் சத்துணவில் சமையல் வேலை அவளுக்கு. சாம்பாரில் உப்பு கூடிப்போனால் யாரும் கேட்பதற்கு முன்பே ஹெட்மாஸ்டரிடம் போய்ச் சொல்லிவிடுகிற ஆள். அப்படிப்பட்டவள்தான் பங்குனி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், சபை நடுவே எழுந்து மைக்கைப் பிடித்து, நடக்காத ஒன்றை நடந்துவிட்டதாகச் சொன்னாள்.

"என் வீட்டுக்காரரை ஆண்டவர் பத்திரமா வூடு கொண்டாந்து சேத்துட்டாரு. ஸ்தோத்திரம்."

"ஸ்தோத்திரம்!" என்றது சபை, தகரக் கூரை அதிர.

அவள் வீட்டுக்காரர் சகாயராஜ் காணாமல் போய் அன்றைக்கு மூன்று வருஷமும் நாலு மாதமும் ஆகியிருந்தது. திண்டிவனத்தில் லாரி ஓட்டுகிற வேலை ஒன்று இருப்பதாக யாரோ சொன்னதைக் கேட்டு, ஒரு மழை நாளில் பைக்கை எடுத்துக்கொண்டு போனார். அன்று சாயங்காலமே போன் அணைந்தது. ஆளும் இல்லை, வண்டியும் இல்லை, ஒரு சேதியும் இல்லை.

அவள் சொன்னதைப் பொய் என்றால் பாஸ்டர் தேவா சண்டைக்கு வருவார். அவர் சபையில் அதற்கு முன்ஸ்தோத்திரம் என்று பெயர். கேட்டுவிட்டுக் காத்திருப்பது அரைகுறை விசுவாசம். கிடைத்துவிட்டதென்று நன்றியை முதலில் செலுத்திவிட வேண்டும், மிச்சத்தை ஆண்டவர் பார்த்துக்கொள்வார் என்பது அவர் போதனை. பிள்ளை பிறக்குமுன் பேர் வைக்கிற கதைதான். வேலைக்கு மனுப் போட்ட கையோடு முதல் மாதச் சம்பளத்துக்கு நன்றி சொன்னவர்கள் அங்கே உண்டு. மாப்பிள்ளை அமையுமுன்பே பேரனுக்கு நன்றி சொன்ன ஒரு அம்மாவும் உண்டு. நமக்குச் சிரிப்பாக இருக்கும். ஆனால் மூன்று வருஷமாக, நிற்கிற ஒவ்வொரு பஸ்ஸிலும் இறங்குகிறவர்கள் முகத்தைப் பார்த்து நின்றவளுக்குச் சிரிப்பு எங்கிருந்து வரும்? கேட்டுக் கேட்டு அலுத்துப் போயிருந்தாள். இதையும் செய்து பார்த்துவிடுவோம் என்று எழுந்துவிட்டாள்.

ஒன்பதாம் நாள், வேலை முடிந்து அவள் வீடு திரும்பியபோது எதிர்ப்பக்கத்து இஸ்திரி வண்டிக்காரர் விருத்தாசலம் கூப்பிட்டார். அவர் அந்தத் தெருவுக்கு வந்தே ஒரு வருஷம்தான் ஆகிறது. சகாயராஜை அவர் பார்த்ததில்லை.

"இன்னாக்கா, வூட்டுக்காரர் வந்துட்டாரு, ஒரு வார்த்தை சொல்லல?"

"யாரைச் சொல்றீங்க?"

"மத்தியானம் உங்க கேட்டாண்ட நின்னுக்கினு இருந்தாரே. உசரமா, மீசை வச்சிக்கினு. எடது கால லேசா இழுத்து இழுத்து நடக்கிறாரு."

பாஞ்சாலியின் கையிலிருந்த பை கீழே விழுந்தது. சகாயராஜின் இடது காலில் பழைய லாரி விபத்து ஒன்றில் வைத்த இரும்புத் தகடு உண்டு. அவர் காலை இழுப்பார்.

"பேசினாரா?" என்றாள்.

விருத்தாசலம் இஸ்திரிப் பெட்டியைக் கீழே வைத்தார். "பேசினாரு. அதான்கா ஒரே பேஜாரா கீது. உங்க கேட்டைப் புடிச்சிக்கினு என்னாண்ட கேக்கறாரு, வூட்டுக்கு எப்படிப் போவணும்னு. இதாங்க வூடுன்னேன். தலைய ஆட்டினாரு. மறுபடியும் அதையே கேட்டாரு. சட்டையெல்லாம் ஈரம், சொட்டிக்கினு இருக்குது. மழை பெஞ்சு எத்தினி மாசம் ஆச்சு நம்மூர்ல?"

கேட்டுக்குக் கீழே சிமெண்ட் தரையில் இரண்டு பாதம் அளவுக்கு ஈரம் இருந்தது. வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. அவள் சாயங்காலம் வரை அங்கேயே உட்கார்ந்து பார்த்தாள். ஈரம் காயவில்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொருவராகப் பார்க்க ஆரம்பித்தார்கள். பால்காரர் பார்த்தார், ஷேர் ஆட்டோவில் போனவர்கள் பார்த்தார்கள், பாஸ்டர் தேவாவே பார்த்து ஜெபித்துவிட்டுப் போனார். எல்லோரிடமும் அந்த மனுஷன் கேட்டது ஒரே கேள்விதான். பாஞ்சாலி கண்ணுக்கு மட்டும் அவர் தட்டுப்படவே இல்லை. லீவு போட்டுவிட்டு நாற்காலியோடு கேட்டில் போய் உட்கார்ந்தாள். தெருவில் போகிறவர்கள் நடையைத் தளர்த்தி, அவள் தோளுக்குப் பக்கத்தில் இருந்த வெறும் இடத்தைப் பார்த்து, "வந்துட்டீங்களா, நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். அவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது. பயம்தான். ஆனால் பயத்தைவிடச் சந்தோஷம் ஒரு பிடி அதிகமாக இருந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும். பக்கத்தில் நிற்கிறார், அது போதும் என்று இருந்தது. இரண்டு பேருக்குச் சமைத்தாள்.

சபை பெருகிவிட்டது. அவள் மைக்கில் சொன்ன சாட்சியைக் கேள்விப்பட்டு விழுப்புரத்திலிருந்தெல்லாம் ஆட்கள் வந்தார்கள். இஸ்திரிக்கார விருத்தாசலமே வந்து ஆண்கள் பக்கத்தில் கடைசியாக, வாசலையொட்டி உட்கார்ந்துகொண்டார். ஞாயிறுதோறும் தேவா அவளை எழுப்பி நிறுத்துவார். அவள் அதே வரியைச் சொல்வாள். சபை ஸ்தோத்திரம் என்று முழங்கும். அன்று மத்தியானமே சகாயராஜ் கேட்டில் நிற்பார்.

வைகாசியில் ஒரு புதன்கிழமை, கொழுந்தன் சவுரிராயன் முகையூரிலிருந்து போன் பண்ணினான்.

"அண்ணி, திண்டிவனம் போலீஸ்ல இருந்து கூப்ட்டாங்க. ஒரு பழைய கல்குவாரிக் குட்டை வத்திப் போச்சாம். உள்ள ஒரு பைக்கும்..." அதோடு பேச்சை மாற்றினான். "காலு எக்ஸ்ரே வூட்ல இருந்தா எடுத்துக்கினு வாங்க அண்ணி."

பீரோவில் துணிக்கு அடியில் இருந்த எக்ஸ்ரே படத்தைச் சுருட்டிக்கொண்டு பஸ் ஏறினாள். திண்டிவனம் ஆஸ்பத்திரியில் ஒரு மேஜைமேல் வெள்ளைத் துணி விரித்து வைத்திருந்தார்கள். மனுஷன் என்று சொல்ல அதில் அதிகம் இல்லை. முழங்காலுக்குக் கீழே ஒரு எலும்பில் தகடு ஒட்டியிருந்தது, ஆறு திருகாணியோடு. அவள் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். அதிலும் ஆறு, மேலிருந்து மூன்றாவது சற்றுக் கோணலாக. மேஜைமேலும் மூன்றாவது கோணல்தான்.

"உங்க வீட்டுக்காரரா, பாத்துச் சொல்லும்மா" என்றார் இன்ஸ்பெக்டர்.

சவுரிராயன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். முகையூர்க் கல்லறைத் தோட்டத்தில் அம்மா பக்கத்தில் அண்ணனுக்கு இடம் இருக்கிறது என்று பஸ் ஸ்டாண்டிலேயே சொல்லியிருந்தான். பெண்டாட்டி அடையாளம் சொல்லிக் கையெழுத்துப் போட வேண்டும், அவ்வளவுதான் பாக்கி.

ஆமாம் என்று சொன்னால் கேட்டில் நிற்பவர் யார்? நாளை மத்தியானம் அவர் வருவாரா?

"இவரு இல்லைங்க" என்றாள் பாஞ்சாலி. "எங்க வீட்டுக்காரர் வூட்ல இருக்காரு."

உப்பு கூடியதை ஒளிக்கத் தெரியாதவள் சொன்ன பொய் அது. சவுரிராயன் அவளோடு பேசாமல் வேறு பஸ்ஸில் ஏறிப் போனான்.

மறுநாள் விருத்தாசலம் தானாக வந்து கேட்டுக்கு வெளியே நின்றார்.

"அக்கா, தப்பா நெனைக்காதீங்க. என்னால அந்தாண்டை நின்னு துணி தேய்க்க முடியல. அவரு அழுவறாரு."

"அழுவறாரா?"

"நேத்திலேருந்து. வூட்டுக்கு எப்படிப் போவணும்னு கேக்கறாரு, உங்க கேட்டைப் பாக்கறாரு, இங்க வுடமாட்டேங்கறாங்கன்னு சொல்லிச் சொல்லி அழுவறாரு. கேட்டு தொறந்துதானே கீதுன்னு சொன்னா தலைல அடிச்சிக்கிறாரு. உள்ள போவறதுக்கு இல்லக்கா அவரு அழுவறது."

பாஞ்சாலிக்கு அப்போதுதான் உறைத்தது. அவர் வரவில்லை, இழுக்கப்பட்டிருக்கிறார். இருநூறு பேர் வாரா வாரம் கைதட்டி, வந்துவிட்டார் வந்துவிட்டார் என்று சொல்லிச் சொல்லி, போக வேண்டிய வீட்டுக்கும் போகவிடாமல் இங்கும் சேரவிடாமல் அந்த மனுஷனைத் தெருவில் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். முதல் ஆள் அவள்தான். அன்றிரவு அவள் சாப்பிடவில்லை. என் ஆசைக்கு உன்னை இப்படி நிக்க வச்சிட்டேனே என்று சுவரில் தலையை வைத்து அழுதாள்.

சனிக்கிழமை சவுரிராயனுக்கு போன் பண்ணி, "திங்கக்கிழமை வந்து கையெழுத்துப் போடறேன் தம்பி, அது உங்க அண்ணன்தான்" என்றாள். பிறகு தேவாவைப் பார்க்கப் போனாள். அவர் கெட்ட மனிதர் இல்லை. அவள் சொன்னதை முழுசும் கேட்டார்.

"சாட்சியைத் திருப்பி வாங்கினா எத்தனை பேரு விசுவாசத்துல இடறிப்போவாங்க சிஸ்டர்?" என்றார்.

"நான் சாட்சியே சொல்லல பாஸ்டர். எனக்கு வேணும்னு கேட்டேன், நன்றின்னு பேரு வச்சிக்கினு."

ஞாயிற்றுக்கிழமை அவள் சபைக்குக் கிளம்பியபோது விருத்தாசலம் நாலடி தள்ளியே நடந்தார். "உங்க பின்னாடியே வர்றாருக்கா" என்றார் மெதுவாக. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தாலும் தெரியப் போவதில்லை.

புதுக் கூட்டத்தால் பாயில் இடமே இல்லாமல் இருந்தது. ஆண்கள் பக்கம் நிரம்பி, நடுவழியிலும் ஆட்கள் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்கள். பாஞ்சாலி முன்வரிசைக்குப் போய் உட்கார்ந்ததும் பக்கத்தில் இருந்த பெண் சேலையை இழுத்துக்கொண்டு விலகினாள். அவள் பார்வை பாஞ்சாலியின் தலைக்கு மேலே இருந்தது.

சாட்சி நேரத்தில் அவளே எழுந்து மைக்கை வாங்கி, சபையைப் பார்த்து நின்றாள்.

"என் வீட்டுக்காரர் வூட்டுக்கு வரல. செத்துட்டாரு. மூணு வருஷமா தண்ணிக்குள்ள இருந்தாரு. புதன்கிழமை கண்ணால பாத்துட்டும் இல்லன்னு பொய் சொன்னேன்."

தேவாவின் கை மைக் சுவிட்சுக்கு வந்து, அங்கேயே நின்றது.

"எதுக்கு ஸ்தோத்திரம் சொல்றதுன்னு ராத்திரியெல்லாம் யோசிச்சேன். எனக்குக் குடுத்ததுன்னு சொல்ல ஒண்ணுமில்ல. நான் ஒவ்வொரு பஸ்ஸா தேடினப்போ அவரு எங்க கெடக்குறாருன்னு ஒருத்தருக்கும் தெரியாது. ஆண்டவருக்குத் தெரியும். அந்த இருட்டுத் தண்ணியில அவருகூட இருந்தது ஆண்டவரு மட்டுந்தான். எனக்கு ஒண்ணும் செய்யலன்னாலும் அவரு ஆண்டவருதான். அதுக்கு மேல எனக்குச் சொல்லத் தெரியல."

உட்கார வேண்டும் என்று நினைத்தாள். உட்கார முடியவில்லை. ஏனென்றால் அவளுக்கு எதிரே உட்கார்ந்திருந்த ஒருவர் முழங்காலை மடக்கி வழிவிட்டார். அடுத்தவரும் மடக்கினார். அதற்கடுத்தவர் பாயிலிருந்து கையை எடுத்துக்கொண்டார். ஒருவர் பின் ஒருவராக, மேலே அண்ணாந்து பார்த்தபடி ஒதுங்கினார்கள். கடந்ததும் முன்னவர்கள் மறுபடி காலை நீட்டினார்கள். அவள் கண்ணுக்கு ஒன்றுமில்லை. அந்த வழி திறந்து மூடுவது மட்டும்தான் தெரிந்தது, அதுவும் மெதுவாக, ஒரு கால் இழுக்கிறவனின் வேகத்தில்.

வாசல் வரை போய் அது நின்றது. வாசலையொட்டி உட்கார்ந்திருந்த விருத்தாசலம் மடக்கிய காலை நீட்டவில்லை. அவர் மேலே பார்த்தார், பிறகு பாஞ்சாலியைப் பார்த்தார். சபை மொத்தமும் அவளைத் திரும்பிப் பார்த்தது. சகாயராஜ் வாசலில் நின்று திரும்பிப் பார்க்கிறார் என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ஒரு வார்த்தை போதும். வந்துட்டாரு என்று சொன்னால் போதும், நாளை மத்தியானம் கேட்டில் நிற்பார், நாளன்றைக்கும் நிற்பார். அவள் உயிரெல்லாம் அந்த வார்த்தைக்காகத் தவித்தது. கண்ணீர் வழிய, கையில் இருந்த மைக்கைத் தரையில் வைத்தாள்.

"ஸ்தோத்திரம் ஆண்டவரே" என்றாள், வெறும் குரலில்.

யாரும் பதில் சொல்லவில்லை. விருத்தாசலம் மெல்லக் காலை நீட்டிக்கொண்டார்.