கடைசி எட்டு நிமிடம்

1.

இந்தக் கதை பிறந்தது போன செவ்வாய்க்கிழமை, ஒரு போன் அழைப்பில்.

"என்னடி, குரல் தெரியுதா? ஞாயித்துக்கெழம நாலு மணிக்கு வரேன். வீட்ல இருப்பியா?"

தையல்கார அக்கா. பழைய தெருவில் எங்களுக்கு மூன்று வீடு தள்ளிக் குடியிருந்தவர். பேசி முப்பத்தைந்து வருடம் ஆகிறது. இருப்பேன் என்று சொல்லிவிட்டு, உட்கார்ந்து இதை எழுத ஆரம்பித்தேன். அவரிடம் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். எழுதிப் பார்த்தால் சொல்ல வருமா என்று பார்க்கிறேன்.

கதையில் வரும் பன்னிரண்டு வயதுப் பெண் நான்தான். ஆனாலும் 'அவள்' என்றே எழுதப் போகிறேன். திட்டுவதற்கு வசதி.

2.

முதல் ஆரம்பம்: 'தெருவுக்கே ஒரு தொலைபேசிதான் இருந்த அந்தப் பொற்

வேண்டாம். பொற்காலமும் இல்லை, ஒன்றும் இல்லை. எண் சுழற்றும் வட்டத்துக்குப் பூட்டுப் போட்டு, சாவியை அப்பா சட்டைப்பையிலேயே வைத்திருந்த காலம்.

இரண்டாவது ஆரம்பம்: அவள் வீட்டு ஹாலில் மரக்கதவு போட்ட டிவி. பக்கத்திலேயே, அம்மா நூலில் பின்னிய உறை மாட்டிய கறுப்பு டெலிபோன். தெருவில் யாருக்குப் போன் வந்தாலும் இங்கேதான் வரும். "அஞ்சு நிமிஷம் கழிச்சுக் கூப்பிடுங்க" என்று வைத்துவிட்டு, ஓடிப்போய் ஆளை அழைத்து வருவது அவள் வேலை.*

* அக்காவுக்குக் கப்பலில் வேலை பார்த்த ஒருவரிடமிருந்து போன் வரும். கப்பல் கரை தொட்டால்தான் வரும். அக்கா பேசும்போது அப்பா மரியாதைக்காக டிவி சத்தத்தைக் குறைப்பார். குறைத்தால்தானே எல்லாருக்கும் நன்றாகக் கேட்கும். "ம்", "சரி", "சாப்ட்டீங்களா" தாண்டி அக்கா பேசி யாரும் கேட்டதில்லை.

3.

வியாழக்கிழமை. பதின்மூன்று வாரத் துப்பறியும் தொடருக்கு அன்று கடைசி வாரம். அப்பாவும் அம்மாவும் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். வீடு முழுக்க அவள் ராஜ்ஜியம். கொலைகாரன் யார் என்று வக்கீல் சொல்லப் போகிறார். இன்னும் எட்டு நிமிடம்தான் பாக்கி. போன் அடித்தது.

"அந்தத் தையல் தைக்கிறவங்களைக் கொஞ்சம் கூப்பிடறியாம்மா? லெட்டர்ல ஒண்ணு கேட்டிருந்தேன். பதில் போன்ல சொல்றேன்னாங்க. கப்பல் கெளம்பப் போகுது, திரும்பக் கூப்பிட நேரமில்ல. லைன்லயே இருக்கேன்."

என்ன கேட்டிருப்பார் என்று பன்னிரண்டு வயதுக்குத் தெரியாதா? நன்றாகவே தெரிந்தது. ஆனால் ஓடிப்போய், தையல் மெஷினை விட்டு எழுப்பி அழைத்து வர ஐந்து நிமிடம். வந்தபின் அக்கா பேச, சத்தத்தை வேறு குறைக்க வேண்டும். வக்கீல் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

"அக்கா ஊர்ல இல்லைங்க," என்றாள். "எப்ப வருவாங்கன்னும் தெரியாது."

"சரிம்மா. கேட்டேன்னு சொல்லு." வைத்துவிட்டார். அவர் பிறகு கூப்பிடவே இல்லை.

[வேண்டுமென்றால் இன்னொரு தடவை கூப்பிட்டிருக்க மாட்டாரா? ஒரு கடிதம் போட்டிருக்க மாட்டாரா? இது என் தரப்பு வக்கீல் பேசுவது. நீக்கவும்.]

திரும்பினால், திரையில் வக்கீலைக் காணோம். 'தடங்கலுக்கு வருந்துகிறோம்' என்ற அட்டை, பின்னணியில் புல்லாங்குழல். அப்போதாவது அக்கா வீட்டுக்கு ஓடியிருக்கலாம். படம் திரும்பிவிடுமோ என்று அட்டையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். செய்தி நேரம் வரை அதே அட்டைதான்.

அடுத்த ஆறு மாதம் அக்கா தைத்த துணி கொடுக்கும் சாக்கில் வருவார்.

"எனக்குப் போன் ஏதாவது வந்துச்சாடி?"

"இல்லக்கா."

பிறகு நாங்கள் வீடு மாறிவிட்டோம்.

4.

முடிவு அ: சொல்கிறேன். அக்கா விழுந்து விழுந்து சிரிக்கிறார். "நல்ல வேள, என்னைக் காப்பாத்துனடி." [எனக்கு நானே கொடுத்துக்கொள்ளும் மன்னிப்பு. செல்லாது.]

முடிவு ஆ: சொல்கிறேன். அக்கா டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, கைப்பையை எடுத்துக்கொண்டு

[இதற்கு மேல் எழுத வரவில்லை.]

முடிவு இ: மூன்று வீடு தள்ளி போன் மணிச்சத்தம் கேட்காதா? அன்று அக்கா தையல் மெஷினை நிறுத்திவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு, நான் ஓடி வருவேன் என்று வாசலிலேயே நின்றிருந்தால்?

இது இன்றைக்குத்தான் தோன்றியது. தோன்றாமலே இருந்திருக்கலாம்.

5.

ஞாயிறு, மூன்றரை மணி. கடைசிக் காட்சி ஒருவழியாக மனசில் கூடி வந்துவிட்டது. ஜோரான காட்சி, படித்தால் நீங்களே அசந்துபோவீர்கள். ஒரு எட்டு நிமிடம் கிடைத்தால் எழுதிவிடுவேன். அக்கா சோபாவில் உட்கார்ந்து என் முகத்தைப் பார்க்கிறார். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு

வாசல் மணி. அரை மணி முன்னாலேயே வந்துவிட்டார்.

கொஞ்சம் இருங்கள் என்றால் வெளியே நிற்பார். அவருக்கு அது பழக்கம்தான்.

வேண்டாம். உங்களுக்குத்தான் கடைசிக் காட்சி கிடையாது, கோபித்துக்கொள்ளாதீர்கள். கொலைகாரன் யார் என்று தெரியாமலே நானும் இத்தனை வருடம் ஓட்டிவிட்டேன்.

"இதோ வந்துட்டேன்க்கா."